ஒரே வோல்ட்டில் 2020, 2024 இரண்டையும் வைத்து வேலை செய்யலாமா?

கேள்வி: கல்முனையில் சின்ன வடிவமைப்புக் கந்தோர் ஒன்று நடத்துகிறோம். இரண்டு கணினிகளில் சிவில் 3டி (வீதி, வாய்க்கால் வடிவமைக்கும் ஓட்டோடெஸ்க் மென்பொருள்) 2024, ஒன்றில் 2020. வரைபடங்கள் எல்லாம் ஓட்டோடெஸ்க் வோல்ட்டில், அதாவது கோப்புகளைப் பொதுவாகச் சேமித்து நிர்வகிக்கும் மென்பொருளில், இருக்கின்றன. இப்படிக் கலந்து வேலை செய்தால் பிரச்சினை வருமா? எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதிய பதிப்புக்கு மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கந்தோருக்குள் கலந்திருக்கலாம். ஒரு வேலைக்குள் கலக்கக் கூடாது. மட்டக்களப்பில் வீதி, வாய்க்கால் வரைபடங்களோடுதான் என் பிழைப்பு. இங்கே வருகிற தகராறுகளில் பாதி, "யாருடைய கணினியில் எந்தப் பதிப்பு" என்று பார்ப்பதாலேயே வருகிறது. எந்த வேலை எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

பதிப்பு என்பது உங்கள் கந்தோரில் மூன்று இடங்களில் ஒட்டியிருக்கிறது: வோல்ட் சர்வர், கணினியில் உள்ள மென்பொருள், சேமித்த கோப்பு. மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

கோப்பில் தொடங்குகிறேன், அதிகம் குழப்புவது அதுதான். டி.டபிள்யூ.ஜி. கோப்பின் (நாம் சேமிக்கும் வரைபடக் கோப்பின்) வடிவம் வருடா வருடம் மாறுவதில்லை. 2013 முதல் 2017 வரை ஒரே வடிவம். 2018இல் மாறியது, 2024உம் அந்த 2018 வடிவத்தில்தான் சேமிக்கிறது. சந்தேகம் என்றால் கோப்பின் பிரதி ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் ஆறு எழுத்துகளில் விடை இருக்கும்: ஏசி1027 என்றால் 2013 வடிவம், ஏசி1032 என்றால் 2018 வடிவம். ஆகவே வெறும் கோடும் எழுத்தும் உள்ள படம், மதகின் விபரப்படம் போன்றது, உங்கள் மூன்று கணினிகளிலும் சிக்கலில்லாமல் போய் வரும்.

இதை நம்பித்தான் பலர் சிவில் 3டியில் மாட்டுப்படுகிறார்கள். கோப்பின் உறை ஒன்றுதான். ஆனால் உள்ளே இருக்கும் தரைப்பரப்பு, வீதி மையக்கோடு, நெடுவெட்டு, கொரிடோர் (வீதியின் முப்பரிமாண மாதிரி) எல்லாம் சிவில் 3டியின் சொந்தப் பொருட்கள். அவற்றுக்குத் தனிப் பதிப்புக் கணக்கு உண்டு. 2020இல் செய்த படத்தை 2024இல் திறந்து சேமித்தால் அவை புதிய பதிப்புக்கு ஏறிவிடும். திரும்ப 2020இல் திறந்தால் படம் கண்ணுக்குத் தெரியலாம், கைவைக்க முடியாது. ஓட்டோகாட்டில் 'பழைய வடிவத்தில் சேமி' என்று கொடுப்பது இதற்கு உதவாது. அது உறையை மட்டும்தான் மாற்றும்.

வோல்ட் இந்த இடத்தில் பாதிதான் கைகொடுக்கும். ஒவ்வொரு செக் இன்னுக்கும் (திருத்திய கோப்பை வோல்ட்டில் திரும்பச் சேர்ப்பதற்கும்) முந்தைய நிலையைத் தனியாக வைத்திருப்பதால், 2020இல் இருந்த கடைசி நிலையை மீட்கலாம். ஆனால் அதற்குப் பிறகு 2024இல் செய்த திருத்தங்கள் அதில் இருக்காது. லேண்ட் எக்ஸ்எம்எல் என்ற பொதுப் பரிமாற்றக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் தரைப்பரப்பும் மையக்கோடும் நெடுவெட்டும் பழைய பதிப்புக்கு வரும். கொரிடோரும் பெயர்ச்சீட்டுகளும் வராது, மறுபடி செய்ய வேண்டும். ஐந்தாறு கிலோமீற்றர் வாய்க்கால் என்றால் அது எவ்வளவு வேலை என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் வோல்ட்டில் ஒவ்வொரு வேலையின் கோப்புறைப் பெயரிலும் பதிப்பு ஆண்டைச் சேர்த்துவிடுங்கள். 2020இல் தொடங்கிய வேலை 2020இலேயே முடியட்டும். சும்மா பார்க்க மட்டும் வருகிறவருக்கு, உங்கள் வோல்ட் இடம் கொடுத்தால், வாசிக்கும் அனுமதி போதும். ஒரே கணினியில் இரண்டு பதிப்புகள் இருந்தால் கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறக்கிற பழக்கத்தை விடுங்கள். எந்தப் பதிப்பு பாய்ந்து வந்து திறக்கும் என்று சொல்ல முடியாது. மென்பொருளை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்து கோப்பை எடுங்கள்.

அடுத்தது சர்வர். இங்கே விதி எளிது: சர்வரை முதலில் ஏற்ற வேண்டும், மற்றவை பிறகு. பழைய சர்வரோடு புதிய வோல்ட் கிளையன்ட் (கணினியிலிருந்து சர்வரோடு இணையும் மென்பொருள்) பேசாது. புதிய சர்வர் எத்தனை ஆண்டு பழைய கிளையன்டை ஏற்கும் என்பது அந்தந்த வெளியீட்டின் பொருத்த அட்டவணையில் இருக்கும். உங்கள் சர்வர் எந்த ஆண்டு என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே அதைப் பார்க்காமல் கைவைக்க வேண்டாம். 2020 கணினி அட்டவணைக்கு வெளியே விழுந்தால், இன்னொரு கணினியிலிருந்து செக் அவுட் செய்து (திருத்துவதற்காக வோல்ட்டிலிருந்து எடுத்து), கோப்பைக் கொண்டுபோய்த் திருத்தி, திரும்ப செக் இன் செய்யலாம். அவசரத்துக்குச் சரி. ஆனால் அப்படிச் செய்தால் எக்ஸ்ரெஃப் இணைப்புகளை (ஒரு படத்துக்குள் இன்னொரு படத்தைக் கோர்க்கும் இணைப்புகளை) வோல்ட் ஒழுங்காகப் பதியாது, அதைப் பழக்கமாக்காதீர்கள்.

சர்வர் ஏற்றம் ஒருவழிப் பாதை. தரவுத்தளம் புதிய அமைப்புக்கு மாறிய பிறகு பின்னோக்கி வர ஒரே வழி, முன்பு எடுத்த காப்புப் பிரதி. அதை வோல்ட் சர்வரின் நிர்வாகக் கன்சோலிலேயே எடுங்கள். கோப்புகள் கிடக்கும் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எஸ்.கியூ.எல். தரவுத்தளம் இல்லாமல் அந்தக் குவியலை வைத்து எந்தக் கோப்பு எந்த வேலைக்குரியது என்று கண்டுபிடிக்க ஒரு ஆயுள் போதாது.

எப்போது ஏற்றுவது? ஓட்டோடெஸ்க் புதிய பதிப்புகளைப் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் விடும். அந்த மாதங்களில் நம் பக்கம் பெரும்போக அறுவடை முடிந்து, கள வேலை சூடுபிடிக்கத் தொடங்கும் நேரம். அப்போது சர்வரில் கைவைப்பது வீண் வம்பு. நான் நவம்பர், டிசம்பர் மழைக்கு விட்டுவிடுவேன். வெள்ளத்தில் கள வேலை நிற்கும், அதற்குள் புதிய பதிப்பின் முதல் கோளாறுகளுக்கும் திருத்தங்கள் வந்திருக்கும். ஒரே கவலை கரண்ட். மாரியில் எந்த நேரம் போகும் என்று தெரியாது, நல்ல பற்றரியோடு யு.பி.எஸ். இல்லாமல் ஏற்றத்தைத் தொடங்கவே வேண்டாம்.

ரெவிட் (கட்டட வடிவமைப்பு மென்பொருள்) பாவிக்கிறவர்கள் இதை வாசித்தால்: உங்களுக்கு இந்தச் சலுகைகூட இல்லை. மேலே ஏறிய கோப்பு கீழே இறங்காது, கூட்டாக வேலை செய்யும் எல்லோரும் ஒரே ஆண்டில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றத் தேவையில்லை. சந்தா இருந்தால் அதே சந்தாவில் நடப்புப் பதிப்போடு அதற்கு முந்தைய மூன்று பதிப்புகளையும் நிறுவலாம். 2020 அதற்குள் வராது. ஆகவே அந்த 2020 கணினியைத் தொடங்கிய வேலைகளை முடிக்கவும் பழைய படங்களைத் திருத்தவும் வைத்திருங்கள். புதிய வேலை எதையும் அதில் தொடங்காதீர்கள்.