வண்டிக்குள் வீடா, வீடாகும் வண்டியா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் துணைவியாரும் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கேம்பர் வேனாக மாற்றி, கோயில்களுக்கும் மலைப்பக்கங்களுக்கும் போய்வர எண்ணியுள்ளோம். கட்டில், சமையலறை, கழிப்பறை, குளியல், ஏ.சி. என எல்லாவற்றையும் நிரந்தரமாகப் பொருத்திவிடுவதே நல்லது என்கிறார் பட்டறைக்காரர். என் மைத்துனரோ, எல்லாவற்றையும் கழற்றி மாட்டும்படி வைத்துக்கொண்டால், கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து வரும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார். துணைவியாருக்கு முழங்கால் வலி உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?
- வாசகர், திருநகர், மதுரை

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வதே உங்களுக்குப் பொருந்தும். ஆனால் கட்டிலை மட்டும் நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கழற்றி மாட்டும் வண்டி வைத்திருப்பவர்கள் ஓரிரு ஆண்டுகளில் சலித்துப்போவது பெரும்பாலும் படுக்கையால்தான். பகல் முழுவதும் சுற்றிவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு ராமேஸ்வரத்தில் வண்டியை நிறுத்தியபின், மேசையை மடக்கி, பைகளை முன்சீட்டுக்கு நகர்த்தி, பலகைகளை விரித்து, மெத்தைத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளி முதுகில் உறுத்தாமல் போர்வையை மடித்துப் போட்டு, பிறகு மாத்திரை டப்பா எந்தப் பைக்கு அடியில் போனது என்று தேடுவது இளைஞர்களுக்கு முதல் நாள் விளையாட்டாக இருக்கலாம். முழங்கால் வலியுள்ளவருக்கு முதல் நாளே தண்டனை. பின்பக்கம் குறுக்குவாட்டில் ஒரு கட்டில், அதன் உயரம் உங்கள் துணைவியார் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் அளவு, அதன் அடியில் பெட்டிகள் என்று அமையட்டும். குறுக்கே படுக்க இடம் போதுமா என்பதை வண்டி வாங்கும் முன்பே நாடா வைத்து அளந்துவிடுங்கள். பக்கச் சுவரில் வெப்பத் தடுப்புப் பஞ்சும் பலகையும் பதித்த பிறகு உள் அகலம் சில அங்குலம் குறையும். அந்தச் சில அங்குலத்தில்தான் கால் நீட்டுவதா, மடக்குவதா என்பது தீர்மானமாகிறது.

சமையலறையை உள்ளே கட்ட வேண்டாம். நம் சமையல் தாளிப்பில் தொடங்குகிறது. மூடிய வண்டிக்குள் ஒருமுறை வற்றல் மிளகாய் கிள்ளிப் போட்டால், அந்த நெடி மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஏறி மறுநாள் காலைவரை இருக்கும். வண்டிக்கு வெளியே இழுத்து வைத்துக்கொள்ளும் ஒரு பெட்டி, அதன் மேல் அடுப்பு, அருகில் ஐந்து கிலோ சிலிண்டர் ஆகியவை போதும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தங்கும். ஆகவே பயணத்தின்போது சிலிண்டர் நிற்கும் அறைக்குத் தரைமட்டத்திலேயே வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். இதைப் பட்டறைக்காரர் தேவையில்லை என்றால், பட்டறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கும் இதே வழிதான். நிரந்தரத் தொட்டியில் கண்ட இடத்துத் தண்ணீரை நிரப்பினால், ராமநாதபுரம் பக்கத்து உப்புத் தண்ணீர் சில மாதங்களிலேயே பம்பிலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவத்தை ஏற்றிவிடும். தெருவுக்குத் தெரு கிடைக்கும் இருபது லிட்டர் கேன் இரண்டும், அவற்றில் செருகும் சிறு மோட்டாரும் இருந்தால் தொட்டியே வேண்டாம்.

பட்டறைக்காரர் ஏ.சி.யையும் சேர்த்திருக்கிறார். இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்க வேண்டும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணி மின்சாரம் இருக்கும். ஒரு டன் ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய ஆயிரம் வாட் இழுக்கும். நிற்காமல் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இரவு முழுக்க ஓட வேண்டுமானால் பேட்டரிகளை அடுக்க வேண்டும், அல்லது ஜெனரேட்டர் வேண்டும், அல்லது ஒவ்வோர் இரவும் யாரிடமாவது பவர் பிளக் கேட்க வேண்டும். அதே பேட்டரியில் 20 வாட் மின்விசிறி இரண்டு ஒன்பது மணி நேரம் ஓடினால் 360 வாட்-மணி. விளக்கு, கைபேசி எல்லாம் சேர்த்தாலும் ஓர் இரவுக்கு ஐந்நூறைத் தாண்டாது. இரண்டு இரவுகள் நிம்மதியாக ஓடும். வண்டி நகரும்போது சார்ஜ் ஏறும்படி இணைப்பும் கொடுத்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் சமவெளியில் வண்டிக்குள் தூங்க நினைக்காதீர்கள். அந்த மாதங்களில் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்குப் போங்கள். அங்கே கம்பளிதான் தேவைப்படும். 2024 மே 7 முதல் அங்கே செல்ல இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ராமேஸ்வரம், திருச்செந்தூர் போன்ற ஊர்களை மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைச் செலவிட வேண்டிய இடம் கூரையின் வெப்பத் தடுப்பும், சூடான காற்றை மேலே வெளியேற்றும் ஒரு நல்ல விசிறியும்தான்.

மலைக்குப் போகிறவர்கள் எடையைப் பற்றி யோசிப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். எட்டுக்கு நான்கு அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் வரும். முழுவதும் பொருத்திய வண்டிக்குப் பத்துப் பலகை ஆனால் முந்நூறு கிலோ. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. இவற்றுக்கு மேல் ஏ.சி., பேட்டரிகள், குளியலறைத் தடுப்பு. இவற்றில் பெரும்பகுதி பின்சக்கரத்துக்குப் பின்னால் போய் உட்காரும். போடிமெட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கும்போது பிரேக்கும் கிளட்சும் அந்த எடையை ஒவ்வொரு வளைவிலும் சுமக்க வேண்டும். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடையும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் பதிவாகியிருக்கும். வேலை முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, எல்லோரும் ஏறி உட்கார்ந்த நிலையில் ஓர் எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

கழற்றி மாட்டுவது என்றால் சும்மா தூக்கி வைப்பது என்று பொருள் கொள்ள வேண்டாம். திடீரென்று பிரேக் பிடித்தால் கட்டப்படாத நாற்பது கிலோ பெட்டி நேராக முன்னே வரும். தரையில் இரும்புச் சட்டம் பதித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு போல்ட் கொடுத்து, கையால் திருகிக் கழற்றும்படி செய்துகொள்ளுங்கள். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களுக்கு இது பழக்கமான வேலை; மதுரையிலும் நல்ல கைகள் உண்டு. குற்றாலச் சாரலில் இரண்டு நாள் நனைந்து வந்த பிறகு, அந்தப் பெட்டிகளை வெளியே எடுத்து வெயிலில் காயவைக்க முடிவதன் அருமை உங்களுக்குத் தெரியும். பொருத்திய அலமாரியின் முதுகுப்புறத்தில் பூஞ்சை பிடித்தால் வெளியே தெரிவதற்கே பல மாதம் ஆகும்.

இருக்கைகளின் விஷயத்தில் உங்கள் மைத்துனருக்கும் ஒரு தடை உண்டு. மகன் குடும்பத்தோடு சேர்த்து ஆறு பேர் என்றால், பெல்ட்டோடு கூடிய ஆறு இருக்கைகள் அவை முதலில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்; கட்டிலிலோ பெட்டியிலோ குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இருக்கைகளைக் குறைத்துக் கட்டில் போடுவதும் இதில் அடங்கும் என்பதால், வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்ற அமைப்பா என்று பட்டறைக்காரரிடம் கேளுங்கள். ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்தோடு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் தொகை கிடைப்பதும் சிக்கலாகிவிடும்.

முழுவதும் பொருத்திய வண்டி யாருக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. காசி வரை போய் ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறவர்களுக்கு, தினமும் மாலையில் ஓர் இடத்தில் நின்று மறுநாள் கிளம்புகிறவர்களுக்கு, எதையும் எடுத்து வைக்காமல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய வசதி. நீங்களோ இரண்டு மூன்று இரவுகளுக்குப் போகிறவர்கள். போகும் ஊர்களில் லாட்ஜ் உண்டு, மெஸ் உண்டு, பெரும்பாலும் உறவினர் வீடும் உண்டு. மகன் குடும்பம் வரும்போது அவர்களுக்கு ஓர் அறை எடுத்துக் கொடுத்து, அதே வளாகத்தில் உங்கள் வண்டியை நிறுத்திக்கொண்டால், அவர்கள் குளியலறையே உங்களுக்கும் ஆயிற்று. மீதி நாளெல்லாம் வண்டி உங்கள் தெருவில்தான் நிற்கப்போகிறது. பெட்டிகளை இறக்கிவிட்டால், ஆறு பேரும் சாமானும் அழகர்கோயிலுக்கோ ஒரு வளைகாப்புக்கோ நெருக்கடியில்லாமல் போய்வரலாம். நாளைக்கு விற்க நினைத்தாலும், முழுவதும் கட்டிய வண்டிக்கு அதே ஆசையுள்ள ஒருவரைத் தேட வேண்டியிருக்கும்.

இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால், ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. குமுளி வழியாகப் போனால் எட்டிவிடும் வாகமனில் அதற்கான பூங்காவும் அமைந்தது. அதற்கும் முன்னால், செலவே இல்லாமல் ஒன்று செய்யலாம். வண்டியின் உள்தரை அளவை உங்கள் மொட்டை மாடியில் சாக்பீஸால் வரைந்து, கட்டில், இருக்கை, பெட்டி எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு, நீங்கள் இருவரும் கோட்டைத் தாண்டாமல் ஒரு காலைப் பொழுதைக் கழியுங்கள். ஒருவர் காபி கலக்கும்போது மற்றவர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்பதைக் கவனியுங்கள். பட்டறைக்காரரின் வரைபடத்தில் தெரியாத பலவும் அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மல்லிகையை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஈகோ கார்கோ வேனில் கொண்டு போகிறேன். சில வாரங்களில் நானும் நண்பனும் அதிலேயே மேகமலைப் பக்கம் போய்த் தங்க விரும்புகிறோம். உள்ளே கட்டிலும் அலமாரியும் அடித்துவிடலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். பிழைப்புக்கு உதவும் வண்டி அது. மூன்றாக மடியும் பலகை, அதன் மேல் ஒரு மெத்தை, கொசுவலை, ஒரு பெட்டியில் அடுப்பு. சனிக்கிழமை ஏற்றி ஞாயிறு இரவு இறக்கிவிடுங்கள். பூக்கூடையின் ஈரம் பலகையில் ஊறாமல் இருப்பதற்கும் அதுவே வழி. மேகமலை, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே காட்டுச் சாலையோரம் இரவில் நிறுத்தித் தூங்குவது வேண்டவே வேண்டாம். சின்னமனூரில் தங்கிவிட்டு, விடிந்ததும் சோதனைச் சாவடியில் கேட்டு மேலே ஏறுங்கள்.

கேள்வி: கழற்றி மாட்டும் வண்டிதான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாம் ஆண்கள். கழிப்பறை இல்லாத வண்டியில் பெண்கள் எப்படிப் பயணம் செய்வது?
- வாசகி, மேலூர்

பதில்: நியாயமான கேள்வி, இதை முதலில் தீர்த்த பிறகே மற்றவற்றை யோசிக்க வேண்டும். கழிப்பறை அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது சுவரோடு கட்டிய அறையாக இருக்க வேண்டும் என்பதுதான் அவசியமில்லை. கீழ்ப்பகுதியைப் பெட்டிபோலத் தனியே கழற்றிக்கொள்ளும் கையடக்கக் கழிப்பறைகள் கிடைக்கின்றன. சுமார் இருபது லிட்டர் கொள்ளும் ஒன்று, இருவர் சிக்கனமாகப் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். கட்டிலுக்கடியில் வைத்து, வேண்டும்போது இழுத்து, கூரையிலிருந்து தொங்கும் கனமான திரையைச் சுற்றி விட்டுக்கொள்ளலாம். பகலில் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் கழிப்பறை இருப்பதால், இது பெரும்பாலும் இரவுக்குத்தான் தேவைப்படும். இருட்டில் கதவைத் திறந்து இறங்க வேண்டியதில்லை என்பதே இதன் முதல் பயன். உள்ளிருந்து தாழிடும் வசதியும், ஜன்னல் அனைத்துக்கும் ஒளி புகாத திரையும் இதோடு சேர்ந்தவை. நிரம்பிய பெட்டியை லாட்ஜிலோ வீட்டிலோ கழிப்பறைக்குள் மட்டுமே கொட்ட வேண்டும். வாய்க்காலிலோ கண்மாய்க் கரையிலோ ஒருபோதும் கூடாது. வாங்கும்போது, நிரம்பிய நிலையில் ஏறக்குறைய இருபது கிலோ வரும் அந்தப் பெட்டியை உங்களால் தூக்கி இறக்க முடியுமா என்று கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால் சிறியதையே வாங்கி, தினமும் காலி செய்யுங்கள்.