வீடியோ கேமும் பிள்ளைகள் படிப்பும்: மொரீசியஸ் பெற்றோர் கேள்விகளுக்குக் கணினி ஆசிரியரின் பதில்கள்

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு இந்த ஆண்டு பி.எஸ்.ஏ.சி., அதாவது ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வு. எந்நேரமும் மைன்கிராப்ட் என்கிற, கட்டிகளை அடுக்கிக் கட்டும் கேம்தான். அதில் படிப்பு ஏதாவது இருக்கிறதா ஐயா?

இருக்கிறது அம்மா. எதைக் கட்டுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேமுக்குள் மின்கம்பி போல வேலை செய்யும் ரெட்ஸ்டோனை வைத்து, இரண்டு நெம்புகோலையும் இழுத்தால் மட்டுமே திறக்கிற கதவு செய்தானானால், கணினிச் சில்லுக்குள் இருக்கும் ‘ஆண்ட் கேட்’ என்ற சுற்றைத் தன் கையாலேயே செய்துவிட்டான். இணைப்பு பிசகினால் கதவு திறக்காது. அந்த நொடியே தெரிந்துவிடும், பிரித்து மறுபடி போடுவான். பரீட்சைத் தாளில் செய்த பிழை திருத்தி வரும்வரை தெரியாதே! ஆனால் விளையாடியதோடு விட்டால் அது விளையாட்டோடு நின்றுவிடும். “எப்படிச் செய்தாய், தாளில் வரைந்து காட்டு” என்று கேளுங்கள். சொல்லத் திணறும் இடத்தில்தான் அவனுக்கே விளங்க ஆரம்பிக்கும்.

திரியோலே தாத்தா ஒருவர்: பேரப்பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல் மொழி, தமிழ் பள்ளியோடு சரி. கேம் உதவுமா?

வாசிப்புக்கு உதவும் ஐயா. கணினியில் விளையாடும் மைன்கிராப்ட் ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு, மாற்றிக் கொடுங்கள். பொருளைப் படத்தாலேயே அறிந்த பிள்ளை, அதன் தமிழ்ப் பெயரைத் தேடித் தேடி வாசிக்கும். பேச்சு மட்டும் அதனால் வராது. அதற்கு நீங்கள்தான் வேண்டும்.

கத்ர் போர்ன் மாணவி: இயற்பியலுக்கு ஏதாவது உண்டா சார்?

ராக்கெட் கட்டி விண்ணில் ஏவும் கேமான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாடிப் பார் அம்மா. மேலே ஏறினால் மட்டும் போதாது, பக்கவாட்டில் வேகம் வேண்டும். இல்லையேல் ராக்கெட் திரும்ப விழும். அதே சுற்றுப்பாதையில் முன்னால் போகும் விண்கலத்தைப் பிடிக்க எஞ்சினை முடுக்கினால், பாதை உயர்ந்து நீ இன்னும் பின்தங்குவாய். வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கினால் சுற்று சீக்கிரம் முடியும், எட்டிப் பிடிக்கலாம். சூத்திரமாகப் படித்தால் நம்பவே தோன்றாத விஷயம் இது!

ஃபோல்டிட் என்ற கேமையும் பார். புரதத்தை மடிக்கும் புதிர், 2008இல் வந்தது. குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி அமைப்பு பல்லாண்டாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாமல் இருந்தது. அதை விடுவிக்க இந்த ஆட்டக்காரர்கள் உருவாக்கிய மாதிரியே வழி செய்தது. 2011இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது.

போர்ட் லூயி தந்தை: ‘மூளைப் பயிற்சி’ ஆப் வாங்கலாமா?

வேண்டாம். அந்தப் புதிரில்தான் தேர்ச்சி கூடும். பள்ளிப் பாடத்துக்கு அது எட்டும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

வாக்வா தாய்: நிறுத்தச் சொன்னால் கத்துகிறான்.

ஆட்டத்தின் நடுவில் பிடுங்காதீர்கள் அம்மா. “இந்தச் சுற்று முடிந்ததும் சேவ் செய்துவிட்டு வா” என்று தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் கண்டிப்பாக வேண்டாம். கேம் அட்டையில் 12, 16, 18 என்று வயது போட்டிருக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள்.