பெரிய வீட்டில் ஓர் அறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கும் என் தோழிக்கும் காரைக்குடியில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜூலையில் சேர வேண்டும். விடுதியில் பெயர் கொடுத்திருக்கிறோம், இடம் உண்டா என்பது பிறகுதான் தெரியும். உதவித்தொகைக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா தையல்காரர். வாடகைக்கு மாதம் நாலாயிரம் வரை தர முடியும் என்கிறார். தோழி வீட்டிலும் ஏறக்குறைய அதே நிலைமைதான்.

தெருத்தெருவாகப் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஓர் அறையை எங்களுக்குக் குறைந்த வாடகைக்குத் தர மாட்டார்களா? பெருக்கித் துடைத்து விளக்கேற்றி வைத்துக்கொள்வோம். வீட்டுக்கும் நல்லதுதானே? யாரைக் கேட்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

(பெயர் வேண்டாம்)
அரூர்

அன்புள்ள மாணவிக்கு,

இருவருக்கும் வாழ்த்துகள். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. வெளியூரிலிருந்து வருகிற எல்லாருக்கும் அந்தத் தெருக்களில் நடந்தால் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் பெரிய வீட்டைக் கேட்காதீர்கள். அநேகமாகக் கிடைக்காது. கிடைத்துவிட்டால் சிரமம் இன்னும் அதிகம்.

அந்த வீடு பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் ஆளில்லாதது அல்ல, உரிமைக்காரர்கள் அதிகமாகிப் போனது. முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வளவு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் குடும்பங்களில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தப் புள்ளிக்கென்று (கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு புள்ளி) அறை ஒதுக்குவார்கள். அப்புறம் ‘வேறு வைப்பது’ என்று அடுப்பையும் தனியாக்கிவிடுவார்கள். ஒரே கூரைக்குக் கீழே ஏழெட்டு உலை கொதித்த வீடுகள் உண்டு. இன்றைக்கு ஓர் அறையின் பங்கு அந்த மகனுடைய பேரன் பேத்திகளுக்குச் சேரும். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் கோலாலம்பூரில், இன்னொருவர் எங்கே என்று மற்றவர்களுக்கே தெரியாது. முற்றமும் கிணறும் வாசலும் எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. ஓர் அறையை உங்களுக்கு விட வேண்டுமென்றால் அத்தனை பேரும் தலையாட்ட வேண்டும். கூரை ஒழுகுவதைச் சரிசெய்யவே அவர்கள் ஒன்றுசேர முடிவதில்லை.

சரி, ஒன்றுசேர்ந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வளவை ஒட்டிய அந்த அறை நீங்கள் நினைக்கிற அறையாக இருக்காது. பல வீடுகளில் அதற்கு ஜன்னலே கிடையாது. சீர் சாமானும் பித்தளையும் வெள்ளியும் வைத்துப் பூட்டுவதற்குக் கட்டியது. மனிதர்கள் படுத்ததெல்லாம் தாழ்வாரத்திலும் பட்டாலை என்கிற கூடத்திலும்தான். ஜூலை மாதத்துப் புழுக்கத்தில் அதற்குள் மடிக்கணினியோடு உட்கார முடியாது. முற்றமும் அறைகளுமாக அடுத்தடுத்து இருக்கும் பகுதிகளைக் கட்டு என்பார்கள். கழிப்பறை பெரும்பாலும் கடைசிக் கட்டைத் தாண்டித் தோட்டத்துப் பக்கம் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு, தலைக்கு மேல் வௌவால் பறக்க, கட்டுக் கட்டாகக் கடந்து போக வேண்டும்.

நான் உண்மையில் எச்சரிக்க நினைப்பது வேறு. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் இருப்பார். “அவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன், நீங்க வந்து இருங்க” என்பார். வாடகையும் குறைவாகக் கேட்பார். நல்ல மனிதராகவும் இருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாவி அவர் கையில் இருக்கிறதே தவிர, வீடு அவருடையது அல்ல. ஒரு கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ முன்னோர்களுக்குச் செய்யும் படைப்போ வந்தால் எங்கெங்கோ இருக்கிற பங்காளிகள் அத்தனை பேரும் வந்து இறங்குவார்கள். அன்றைக்கு உங்கள் பெட்டி முகப்புத் திண்ணையில் இருக்கும், உங்கள் அட்வான்ஸ் யாரிடம் என்று கேட்க ஆள் இருக்காது. ஆகவே எந்த வீட்டைப் பார்த்தாலும், அது நேற்றுக் கட்டிய மாடி வீடாகவே இருந்தாலும், வாடகையைக் கேட்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். கீழ்வீட்டிலேயே குடியிருக்கிறார் என்றால் ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த மாளிகைகளைக் கட்டியவர்களும் தொழிலுக்குப் போன வெளியூரில் மாளிகையில் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி என்று நீளமான ஒரே கூடம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு கணக்குப்பிள்ளை மேசை, ராத்திரி அங்கேயே பாயை விரிப்பார்கள். சமையல்காரர் எல்லாருக்கும் பொது. வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் பங்கு போட்டுத்தான் மிச்சம் பிடித்தார்கள். நீங்கள் இருவர் இருப்பது பெரிய வசதி. இன்னும் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு படுக்கையறை வீடாகவே தேடலாம்.

எங்கே தேடுவது? முதலில் உங்கள் துறை எந்த வளாகத்தில் என்று பாருங்கள். கல்லூரிச் சாலைப் பக்கம் என்றால் அழகப்பாபுரம், சுப்பிரமணியபுரம், செக்காலை எல்லாம் பார்க்கலாம். அந்தப் பகுதிக்கு மாணவர்கள் புதிதில்லை. அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், அது 1953-இல் திறக்கப்பட்டது. பெண்கள் கல்லூரிக்காகத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தவர் அவர். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் கட்டிய வீடுகளில் மாடியை வாடகைக்கு விடுகிறார்கள். ஆய்வகத்திலிருந்து ஒன்பது மணிக்குத் திரும்பினால் முகம் சுளிக்காதவர்களும் அவர்களில்தான் அதிகம். இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கறி மீன் சமைக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் வாடகை குறையும். ஆனால் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததை ஆட்டோவுக்குக் கொடுத்து என்ன பயன்?

தரகரிடம் போவதற்கு முன் தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள். எந்த மாடியிலிருந்து துணி வருவது நின்றுபோனது என்று அவருக்குத் தெரியும். துறையில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போகிற அக்காக்களையும் கேளுங்கள். அவர்கள் காலி செய்கிற வீட்டை அடுத்தவருக்குக் கைமாற்றிவிட்டுப் போவது வழக்கம். அதோடு கட்டில், அடுப்பு, பக்கெட் எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும். (முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கட்டில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சுற்றுலாப் பயணிகளுக்கான விலை.)

இன்னொன்று. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் நம்மவர்கள் வீடு மாற மாட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் அதைப் பார்ப்பார்கள் என்றால் ஆனி முடிவதற்குள் வந்து பால் காய்ச்சிவிடுங்கள். பார்க்க மாட்டார்கள் என்றால் ஆடிதான் உங்கள் மாதம். காலியாகக் கிடக்கிற வீட்டுக்காரரிடம் வாடகையைக் கொஞ்சம் குறைத்துப் பேசலாம்.

அட்வான்ஸ் விஷயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் வீட்டுக்காரரும் குடிவருகிறவரும் வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டு எழுதிவிட்டால் அது செல்லும். எனவே கையெழுத்துப் போடும் முன்னால் பேசுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா என்றும் பாருங்கள். ஒரே இணைப்பில் இரண்டு மூன்று குடித்தனம் இருந்தால் அரசு தருகிற இலவச யூனிட் எல்லாம் உங்களுக்கு வந்து சேராது, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் கணக்கு.

அப்பாவிடம் யாராவது ஒத்தி பற்றிச் சொல்லலாம். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது பணம் திரும்பும் என்று கேட்க நன்றாக இருக்கும். கடன் வாங்கி ஒத்திக்குப் போகாதீர்கள். கையில் பணமே இருந்தாலும் வில்லங்கச் சான்று பார்க்காமல், பத்திரப் பதிவு செய்யாமல் கொடுக்க வேண்டாம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்பார்கள், போதாது. பங்காளி வீடு என்றால் பேச்சையே எடுக்க வேண்டாம்.

எதுவும் அமையாவிட்டால் முதல் மாதம் தனியார் மகளிர் விடுதியில் தங்கிக்கொண்டு தேடலாம். அப்படிப்பட்ட விடுதிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். போகிற இடத்தில் குடிதண்ணீர் எப்படி என்றும் விசாரியுங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஊர் இது, ஆனால் மாடித் தொட்டியில் ஏறுகிற தண்ணீர் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் கதையே வேறு. 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 37,000 ரூபாய். விடுதி இடம் கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. அதற்காகவும் வாடகை ரசீதுகளை முதல் மாதத்திலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.

வீடு அமைந்துவிட்டது என்று விடுதியில் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். ஆய்வு மாணவிகள் ஆண்டின் நடுவிலும் காலி செய்வார்கள். மாதம் ஒரு முறை வார்டனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருங்கள்.