பத்து நிமிடம் ஓடி நின்றுபோகும் அவுட்போர்டு எஞ்சின்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் இப்படி நின்றால், முதலில் பெட்ரோல் டேங்க் மூடியின் மேலுள்ள காற்றுத் திருகைத் திறந்து பாருங்கள். பத்து நிமிடம் நன்றாக ஓடி அணைவது, சற்றுப் பொறுத்தால் மறுபடி கிளம்புவது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது மூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போகாவிட்டால் வெற்றிடம் உண்டாகி, எஞ்சினுக்கு எரிபொருள் வராது.

அடுத்த முறை அணைந்ததும் டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் ஓஸின் நடுவிலுள்ள, கையால் அமுக்கும் ரப்பர் பல்பைத் தொட்டுப் பாருங்கள். சப்பிப் போயிருந்து, டேங்க் மூடியைத் தளர்த்தும்போது காற்று உள்ளிழுக்கும் சத்தம் கேட்டால் காரணம் அந்த வெற்றிடம்தான்.

திருகு திறந்தே இருந்ததா? அப்படியானால் ஓஸ் இணைப்பிலுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்து காற்று இழுக்கலாம். ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று முக்கியம். எஞ்சினைக் குளிர்வித்துப் பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் நின்றிருந்தால் இது வேறு பிரச்சினை, எஞ்சின் சூடேறுகிறது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள், பிஸ்டன் போய்விடும்.

அப்புறம், முகத்துவாரம் பக்கம் அணைந்தால் எஞ்சின் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே நங்கூரத்தைப் போட்டுவிடுங்கள். நீரோட்டம் காத்திருக்காது. கடலுக்குள் இழுத்துப் போனால் தயங்காமல் 1554-ல் கடலோரக் காவல் படையை அழையுங்கள்.