சீலிங்கைப் பூசி மறைக்காதீர்கள்

1960களில் கட்டிய சென்னை அலுவலகம், சீலிங் பெயர்ந்து கம்பி தெரிகிறது, பூசிவிட்டு ஜிப்சம் சீலிங் போடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர் என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். துருவேறிய கம்பி பருத்து, புதுப் பூச்சையும் தள்ளிவிடும். ஜிப்சம் போட்டால் அது கண்ணுக்கும் தெரியாது.

முதலில் சோதனை. புதிதாகக் கொத்திய இடத்தில் தூசியை ஊதிவிட்டு ஃபீனால்ஃப்தலீன் கரைசலை (காரம் இருந்தால் நிறம் மாறும் திரவம்) தெளியுங்கள். இளஞ்சிவப்பானால் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும் காரத்தன்மை காங்கிரீட்டில் மிச்சம் இருக்கிறது. நிறம் வராத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டால் அதற்குப் பாதுகாப்பு இல்லை. தளத்துக்கு ஐந்தாறு இடம் பாருங்கள், கழிவறைக்குக் கீழே கட்டாயம். கசிவை அடைக்காமல் மற்ற வேலை எதுவும் வீண்.

சோதனை முடிந்து பழுதான காங்கிரீட்டை எடுக்கும்போது, முட்டு கொடுத்த பிறகே கொத்த வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டுவதுதான் வழக்கமான தப்பு. கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. கொத்துங்கள். கம்பி பளபளக்கும்வரை துரு நீக்கி, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த மோர்ட்டாரை (சிமென்ட் மணல் கலவை) அடுக்கடுக்காக வையுங்கள். கம்பி மெலிந்திருந்தால் கூடுதல் கம்பி எவ்வளவு என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும்.

மேற்குப் பக்கத்து காங்கிரீட் வெயில் தடுப்புகளை இடித்துக் கண்ணாடி போடும் யோசனையையும் விடுங்கள். மாலை வெயிலை அவை வெளியிலேயே நிறுத்துகின்றன. எடுத்தால் அந்தச் சூட்டுக்கும் சேர்த்து ஏசி வாங்க வேண்டும்.