சூதாடியா, கேம் பிரியரா?

கேள்வி: ஜெர்மன் மொழி பயின்று வருகிறேன். பயிற்சிக்காக என்னோடு உரையாடும் ஜெர்மானிய நண்பர், இரவு முழுவதும் ‘ட்ஸொக்கன்’ செய்ததாக எழுதினார். என்னிடமுள்ள பழைய அகராதி அதற்குச் ‘சூதாடுதல்’ என்று பொருள் தருகிறது. இன்னொரு நாள் ஒரு விளையாட்டை ‘ஸுஹ்டன்’ செய்வதாகச் சொன்னார். அகராதியிலோ ‘தேடினார்கள்’ என்று இருக்கிறது. அவருக்குச் சூதாட்டப் பழக்கம் உண்டோ? நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: அகராதி பொய் சொல்லவில்லை, ஆனால், உங்கள் நண்பர் பெரும்பாலும் வீடியோ கேம் விளையாடுபவராகவே இருப்பார். எபிரேய வேரிலிருந்து ஐரோப்பிய யூதர்கள் பேசிவந்த யித்திய மொழி வழியாக ஜெர்மனுக்கு வந்த ‘ட்ஸொக்கன்’, நெடுங்காலம் பணம் வைத்துச் சூதாடுவதையே குறித்து வந்தது; கணினி விளையாட்டுகள் பரவிய பிறகு இளையவர்கள் அதை அவற்றுக்கும் எடுத்துக்கொண்டார்கள். பழைய பொருள் இன்னும் மறையவில்லை. பங்குச் சந்தையில் துணிந்து பணத்தை இறைப்பவரையும் செய்தித்தாள்கள் ‘ட்ஸொக்கர்’ என்றே எழுதுகின்றன. ‘அப்’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘அப்ட்ஸொக்கன்’ ஆனால், ஏமாற்றிப் பணம் பறிப்பது என்று பொருள்.

‘ஸுஹ்டன்’தான் சுவையானது. ‘தேடினார்கள்’ என்பதற்கும் இதற்கும் எழுத்தில் வேறுபாடே இல்லை. உச்சரிப்பில் மட்டும், தேடுதலுக்கு ‘ஸூ’ என்று நெடிலாகவும், உங்கள் நண்பர் சொன்னதற்கு ‘ஸு’ என்று குறிலாகவும் ஒலிக்கும். குறில், நெடில் பழகிய தமிழ்க் காதுக்கு இது எளிதாகவே பிடிபடும். அடிமைப் பழக்கத்தைக் குறிக்கும் ‘ஸுஹ்ட்’ என்ற பெயர்ச்சொல்லை இளைஞர்கள் வினையாக்கி, ஒரு விளையாட்டை விடாமல் ஆடித் தீர்ப்பதற்கு வழங்குகிறார்கள். அந்தப் பெயர்ச்சொல்லும் தேடுதலிலிருந்தே பிறந்தது என்று ஜெர்மானியர்களிலேயே பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது நோயைச் சுட்டும் பழஞ்சொல்லின் வழிவந்தது. மஞ்சள் காமாலைக்கு அவர்கள் வைத்திருக்கும் ‘கெல்ப்ஸுஹ்ட்’ என்ற பெயரில் அந்தப் பழைய பொருள் இன்றும் இருக்கிறது. ஆகவே, நண்பர் அப்படிச் சொன்னால் அதை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ள வேண்டாம். ஒரு தொடரை ஒரே மூச்சில் பார்த்து முடித்தாலும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். ஆனால், அவரை நீங்களே ‘ஸுஹ்டி’ (பழக்கத்துக்கு அடிமையானவர்) என்று அழைப்பது வேறு. நெருங்கியவர்களிடையே அது கேலி. மற்றவர் வாயில் வந்தால் சுடும்.

‘டாடல்ன்’ என்றொரு சொல்லும் காதில் விழலாம். காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் விளையாடுவதற்கு வழங்கிய இது, இப்போது பொழுதுபோக்காகச் சற்று நேரம் விளையாடுவதைக் குறிக்கிறது. ‘ஃபெர்டாடல்ன்’ என்றால் நேரத்தையோ வாய்ப்பையோ வீணடித்துவிட்டதாகப் பொருள்.

கேள்வி (அதே வாசகர்): தேர்வில் இவற்றை எழுதலாமா?

பதில்: வேண்டாம். அங்கே விளையாடுவதைக் குறிக்கும் ‘ஷ்பீலன்’ என்ற பொதுச்சொல்லே போதும். எந்தத் திருத்துநரும் அதில் குறை காண மாட்டார்.