சிவில் முடித்துவிட்டு நீர்வளப் பொறியியலில் எம்.இ. சேர்ந்தால் என்ன படிக்க வேண்டியிருக்கும்?

நீரியல், நிலத்தடி நீர், பாசனம் எல்லாம் வரும். ஆனால் உயிர்நாடி திறந்த வாய்க்கால் ஓட்டம்தான், அதாவது ஆறு, கால்வாய் போல மேலே திறந்திருக்கும் பாதையில் நீர் ஓடும் விதம். அந்த நீரின் வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சமன்பாட்டைப் பாருங்கள்: ஆழமும் சரிவும் மாறாமல், படுகையின் சொரசொரப்பு மட்டும் இரட்டித்தால் வேகம் பாதியாகிவிடும். அதே வெள்ளத்தைக் கடத்த நீர்மட்டம் ஏறியாக வேண்டும். புதர் மண்டிய ஆறு சீக்கிரமே கரை தாண்டுவது இதனால்தான். படிப்பிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

அப்புறம் சுற்றுச்சூழல் பாய்ம ஓட்டம். ஆற்றில் விட்ட சாயக்கழிவு கொந்தளிப்பில் எப்படிப் பரவி, எவ்வளவு தூரத்தில் நீர்த்துப்போகிறது என்ற கணக்கு. இங்கே பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் (partial differential equations) வரும். சேருமுன்பே கணிதத்தைத் தூசி தட்டிவிடுங்கள். ஆற்று ஓட்டத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் (HEC-RAS) மென்பொருள் இலவசம், இப்போதே பழகலாம். சென்னையில் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையத்தையும் ஐ.ஐ.டி.யையும் பாருங்கள். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வைத் தவறாமல் எழுதுங்கள்.